கேமில் தோற்றால் மறதி நோயா?

“இந்தப் படகு கேமில் 2 நிமிடத்தில் கரை சேராவிட்டால் மறதி நோய் உறுதி. டாக்டரும் ஸ்கேனும் தேவையில்லை.” நெல்லை, தென்காசிப் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

நெருப்பில்லாமல் புகையவில்லை, சரி. 2016-இல் ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ என்ற படகு கேம் ஆய்வுக்காகவே வந்தது. மனிதர்கள் எப்படி வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று அளப்பதுதான் நோக்கம். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். அல்சைமர் என்ற மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு உள்ளவர்கள், நினைவுக் குறைபாடு ஏதும் தெரியாதபோதே சுற்றுவழியில் படகை ஓட்டினார்கள் என்று 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அந்த மரபணு இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஸ்கோரை வைத்து ‘உனக்கு நோய்’ என்று யாருக்கும் அந்த ஆய்வு முத்திரை குத்தவும் இல்லை.

வயது, படிப்பு, வளர்ந்த ஊர் எல்லாமே ஸ்கோரை மாற்றும். முக்கூடலில் காலமெல்லாம் பீடி சுற்றிய ஆச்சியிடம் திடீரென்று போனை நீட்டிப் படகு ஓட்டச் சொன்னால் பாறையில்தான் மோதுவாள். அது போன் பழக்கமில்லாத விரல், அவ்வளவுதான்.

அதே ஆச்சி தினமும் போகும் கடைக்கு வழி தெரியாமல் நின்றாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, கேமை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ கூட்டிப் போங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு.