"உங்க பரம்பரையிலேயே கணக்கு இல்லை" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்

போன வாரம் உசிலம்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் மருமகனுக்குக் கணக்கில் 22 மதிப்பெண். "எங்க அப்பாவுக்கும் வராது, எனக்கும் வராது மாமா" என்றான். வகுப்பில் ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் சொன்னாராம். எனக்கு மனசே ஆறவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கால் பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா? "கால்தான். நாலு பெருசுல்ல?" அந்த நேரம் பார்த்து அக்காவின் பூக்கடைக்கு ஒருவர் வந்தார். அன்றைக்கு மல்லி கிலோ 800. 150 கிராம் கேட்டார். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "120 ரூபாய்ணே" என்றான் பயல்!

அறிவில் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஐ.க்யூ. என்பது அறிவுத்திறன் சோதனையில் வரும் மதிப்பெண். ஆளுக்கு ஆள் அதில் தெரியும் வித்தியாசத்தில் 9 வயதில் சுமார் 40 சதவீதமும், 17 வயதில் சுமார் 66 சதவீதமும் மரபணுவால் வருவதாக, இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. ஆனால் இது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தின் கணக்கு. இந்தப் பையனால் இவ்வளவுதான் முடியும் என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. அந்த எண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. உளவியலாளர் எரிக் டர்க்ஹைமரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் 7 வயது இரட்டையரில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் மரபணுவின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம். அங்கே வித்தியாசத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் வீட்டு நிலைமைதான்.

மல்லி போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் பக்கம் நடும் நாற்று, ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் செடியின் கிளையிலிருந்தே வேர்விட வைத்து எடுக்கும் பதியன். ஒரு தாய்ச்செடியில் எடுத்த பதியனுக்கெல்லாம் மரபணு ஒன்றேதான். நேரத்துக்குத் தண்ணீர் விட்டு, கவாத்து பண்ணி, உரம் வைத்த கொல்லையில் பூ கொட்டும். பக்கத்துக் கொல்லை காய்ந்து கிடந்தால் செடியின் வம்சத்தையா திட்டுகிறோம்?

படிப்பே அறிவைக் கூட்டும். 6 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஐ.க்யூ. 1 முதல் 5 புள்ளி வரை ஏறியிருந்தது. அப்புறம், வயிறு. 2022 செப்டம்பர் 15-ல் பள்ளிக் காலை உணவுத் திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து மண்டு என்பது பெரிய பாவம்.

சரி, மருமகனிடம் வருகிறேன். "ஒரு கிலோ பூவை மூணு பேருக்குப் பிரி. அப்புறம் நாலு பேருக்குப் பிரி."

"முந்நூத்தி முப்பத்திமூணு கிராம்... இருநூத்தி அம்பது." கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரப்பரை எடுத்தான். "மூணுல ஒண்ணுதான் பெருசு. அடுத்ததைச் சொல்லுங்க மாமா."