நேதாஜி மரணமும் நம் சந்தேகமும்

சதிக்கோட்பாடுகளைப் பற்றி வந்த ஒரு கட்டுரையைப் படித்தேன். அவற்றை நம்புகிறவர்கள் எல்லாருமே அறிவிலிகள் என்பதுபோலக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நேதாஜி விஷயத்தையே பாருங்கள். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைபேயில் விமான விபத்தில் இறந்தார் என்பதைப் பலரால் ஏற்க முடியவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று முத்துராமலிங்கத் தேவரே வெளிப்படையாகச் சொன்னார். மலாயாவில் நம் தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை பேர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள்! அவர்கள் வீடுகளில் அந்த நம்பிக்கை வெறும் வதந்தி அல்ல, பாசம். அரசின் மேல் இருந்த சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. போஸ் குடும்பத்தை உளவுத்துறை சுமார் 20 ஆண்டுகள் கண்காணித்தது 2015-ல் கோப்புகள் மூலம் வெளியே வந்ததே. மக்கள் விடாமல் கேட்டதால்தான் 2016-ல் மத்திய அரசும் கோப்புகளைத் திறந்தது.

ஆனால் உத்தரப் பிரதேசத்தின் ஃபைசாபாத்தில் மறைந்து வாழ்ந்த ஒரு சாமியார்தான் நேதாஜி என்று இன்னமும் சாதிப்பது வேறு. அவர் மரணத்தை விசாரிக்க அரசு அமைத்த ஷா நவாஸ் குழுவும் கோஸ்லா ஆணையமும் விபத்தை உறுதி செய்தன. பின்னால் வந்த முகர்ஜி ஆணையம் மாறுபட்டு, அவர் விபத்தில் இறக்கவில்லை என்றது. அதுகூடச் சாமியார் கதைக்குத் தீர்க்கமான ஆதாரம் இல்லை என்றது. டோக்கியோ ரென்கோஜி கோயிலில் நேதாஜியுடையது என்று வைக்கப்பட்டுள்ள அஸ்தியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும்படி மகள் அனிதா பல வருடங்களாகக் கேட்கிறார். எண்பதைக் கடந்துவிட்டார். இந்தக் கதைகளைப் பரப்புகிறவர்கள் அவருக்கு என்ன பதில் சொல்வார்கள்?