450 வாட் என்பது உச்ச அளவுதான்

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 450 வாட்டில் போட்டால் மணிக்கு அரை யூனிட் கரண்ட் போகும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. அது தரக்கூடிய உச்ச அளவுதான் 450. கணினி கேட்கும் அளவும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஏற்படும் சிறு விரயமும் மட்டுமே மீட்டரில் ஏறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பெட்டியின் மேலிருக்கும் பெரிய எண்ணை அல்ல, லேபிளில் 12 வோல்ட் வரியை. என்னிடம் இருந்த ஒரு மலிவு 450-இல் அங்கே 18 ஆம்பியர்தான். அதாவது 216 வாட். பெரும்பாலும் அந்த வரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கிராபிக்ஸ் கார்டைப் போட்டதும், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். ராம்தான் கோளாறு என்று இரண்டு வாரம் அலைந்தேன்.

ஸ்டாண்ட்பையில், அதாவது அணைத்த பிறகும், கணினி கொஞ்சம் கரண்ட் இழுக்கும் என்று நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஷட்டவுன் செய்த பிறகும் என் மவுஸின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 4 வாட். வருடம் முழுக்க அப்படியே விட்டால் 35 யூனிட். ஐரோப்பாவில் 2013-இலேயே அணைத்த நிலைக்கு அரை வாட் வரம்பு கொண்டுவந்துவிட்டார்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) இந்த விரயத்தைக் குறைக்கும் 'இஆர்பி' என்ற அமைப்பு இருந்தால் இயக்கிவிடுங்கள், அந்த விளக்கும் அணைந்துவிடும். இல்லையென்றால் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மதர்போர்டில் நேரத்தைக் காக்கும் சிறு பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.