போகப் போகப் பழகிவிடுமா?

"குழந்தைகளைப் பார்த்துக்கிற வேலைதானே, போகப் போகப் பழகிடும்." குழந்தைகள் இல்லத்தில் வேலைக்குச் சேர்கிற எல்லாருக்கும் முதல் நாள் இந்த ஆறுதல் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. பாதி உண்மை. இது செய்யச் செய்யத்தான் கைவரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படிக் கைவர, பக்கத்தில் ஒரு மூத்த ஆள் வேண்டும். டியூட்டி முடிந்ததும் நடந்ததைப் பேச அரை மணி நேரம் வேண்டும். இரண்டும் இல்லாமல் ஆளைத் தனியாக இறக்கிவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள்.

படிப்பா அனுபவமா என்று சண்டை போடுகிறவர்கள் எம்மி பிக்லரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். 1946இல் புடாபெஸ்டில் கைக்குழந்தைகளுக்கான இல்லம் தொடங்கிய மருத்துவர் அவர். முதலில் இருந்த நர்சுகள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள்தான். ஆனால் குழந்தையை மளமளவென்று குளிப்பாட்டி, ஊட்டி, அடுத்த குழந்தைக்குப் போய்விடுவார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, முன்பயிற்சி இல்லாத, ஆர்வமுள்ள இளம்பெண்களைச் சேர்த்தார் பிக்லர். 'பார்த்தீங்களா, படிப்பே வேண்டாம்' என்று இதைச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. மீதிக் கதைதான் முக்கியம். தூக்குவதற்கு முன் குழந்தையிடம் சொல்லிவிட்டுத் தூக்குவது, சட்டை போடும்போது அது கையை நீட்டும்வரை பொறுத்திருப்பது என்று ஒவ்வொன்றையும் அந்தப் பெண்களுக்கு வேலையோடு வேலையாகக் கற்றுக்கொடுத்தார். பார்த்ததை எழுதிவைக்கவும் பழக்கினார்.

இந்த எழுதுகிற பழக்கத்தைப் பலர் வெறும் ஆபீஸ் வேலையாக நினைக்கிறார்கள். எங்கள் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இரவு டியூட்டி நோட்டில், 'தூங்கச் சொன்னால் வேண்டுமென்றே அடம் பிடித்தான்' என்று எழுதியிருந்தார். சீனியர் அக்கா திட்டவில்லை. "என்ன பார்த்தீங்களோ அதை மட்டும் சொல்லுங்க" என்றார். விளக்கை அணைத்ததும் எழுந்து உட்கார்ந்தான். கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தான். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் போர்வைக்குள் சுருண்டுகொண்டான். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார், அவருக்கே விளங்கிவிட்டது. மறுநாளிலிருந்து வராந்தா விளக்கை அணைப்பதில்லை. ரோந்து வருகிறவர் தூரத்திலேயே "நான்தான்டா" என்று குரல் கொடுத்துவிட்டு வருவார். எந்த வகுப்பறையில் உட்கார்ந்து இதைப் படிப்பது?

அதே சமயம், சில விஷயங்களைப் 'போகப் போக' என்று விடவே கூடாது. ஒரு குழந்தை, "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பிக்கிறது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "அவர் அடிச்சாரா?" என்று நாமே பதிலை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. நிதானமாகக் கேட்டு, அது சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, உடனே பொறுப்பாளரிடம் சேர்க்க வேண்டும். வெறிபிடித்தாற்போல் கத்தும் குழந்தையைப் பிடித்து நிறுத்துவதும் அப்படித்தான். தவறாக அழுத்திப் பிடித்ததில் மூச்சுத் திணறிக் குழந்தைகள் இறந்தே போயிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் தனியாக டியூட்டி பார்ப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுத்து, நடித்துப் பார்க்க வைத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்கிறவர் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் லெவல் 3 டிப்ளமோ என்ற தொழிற்படிப்பை முடிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. நல்ல ஏற்பாடுதான், படிக்க டியூட்டி நேரத்திலேயே இடம் கொடுத்தால். நைட் டியூட்டி முடித்து வந்து தூக்கத்தோடு அசைன்மென்ட் எழுதுகிறவர் பக்கத்தை நிரப்புவார், வேறென்ன செய்வார்?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இல்லத்தில் புதியவரை முதல் நாளே டியூட்டிப் பட்டியலில் முழு ஆளாகக் கணக்குக் காட்டுவார்கள். அவர் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாரா, வேலை பார்க்க வந்திருக்கிறாரா என்று அவருக்கே தெரியாது. சில மாதங்களில் ஓடிவிடுவார். அவரிடம் அப்போதுதான் ஒட்ட ஆரம்பித்த குழந்தைகளுக்கு இன்னொருவரும் விட்டுப்போனார் என்றாகிவிடும். அடுத்து வருகிறவரை அவர்கள் சோதித்துப் பார்க்காமல் விடுவார்களா? அதையும் 'அடம்' என்றே நோட்டில் எழுதுவார்கள்.

இந்தத் துறைக்கு வர நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது, இன்டர்வியூவில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: எத்தனை நாள் என்னைப் பட்டியலில் கணக்குக் காட்டாமல், பார்த்துக் கற்றுக்கொள்கிற கூடுதல் ஆளாக வைத்திருப்பீர்கள்? யாருடைய டியூட்டியில் போடுவீர்கள்? மாதம் ஒருமுறையாவது தனியாக உட்கார்ந்து என்னோடு பேசப்போவது யார்? பெயர் சொல்லத் தெரியாமல் முழித்தால், வேறு இல்லம் பாருங்கள்.