ராத்திரித் தூக்கத்துக்குத்தான் காசு கொடுத்தேன்

ஒரு ஓட்டல் அறையில் தூங்காமல் கழித்த ராத்திரியைப் பற்றிய இந்தப் பதிவை மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். கோபத்தோடு உட்கார்ந்தால் வசவுதான் வரும். இப்போது கோபம் தணிந்துவிட்டது, ஆதங்கம் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏர் கம்ப்ரசர் சர்வீஸ் என்ஜினியர். பதினான்கு வருடமாக இதே வேலை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு ராத்திரி வெளியூரில்தான் படுக்கை. ஓசூர், சேலம், ராஜபாளையம், பல்லடம் என்று மில்லும் ஃபேக்டரியும் இருக்கிற ஊர்களில் எந்தத் தெருவில் எந்த லாட்ஜ் என்பது எனக்கு அத்துப்படி. டவல் பழசு, டிவியில் சேனல் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்று ஒரு நாளும் ரிசப்ஷனில் போய் நின்றதில்லை. காலையில் ஒரு பக்கெட் வெந்நீர் கிடைத்தால் போதும் என்கிற ஆள். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பல்லடம் பக்கத்தில் ஒரு நெசவு மில்லில் வேலை. ஏர்ஜெட் தறி ஓடுகிற மில். அந்தத் தறியில் ஊடை நூலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே காற்றுதான். கம்ப்ரசர் நின்றால் தறியும் நின்றது. இரண்டு மெஷினுக்கு, 8,000 மணி நேரம் ஓடியதும் செய்கிற சர்வீஸ், இரண்டு நாள் வேலை. முகூர்த்த நாள் என்பதால் பல்லடத்தில் அறை கிடைக்கவில்லை. ஆபீஸில் டிக்கெட், ரூம் பார்க்கிற தம்பி ஆப்பில் தேடித் திருப்பூரில் ஒரு ஓட்டலைப் போட்டுக் கொடுத்தான். வாடகை 1,800 ரூபாய். படத்தில் வெள்ளை வெளேரென்று விரிப்பு, பெயருக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம்.

அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு நேரில் வந்து பார்த்துக் கொடுப்பதுதான் முறையான நட்சத்திரத் தகுதி. ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதற்கு விண்ணப்பிப்பதும் விடுவதும் ஓட்டல்காரர் விருப்பம். ஆப்பில் தெரிகிற நட்சத்திரமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எனக்கே இது ரொம்ப வருடம் தெரியாது.

சேரன் எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே திருப்பூரில் இறக்கிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போனால் செக் இன் பகல் 12 மணிக்கு என்றார்கள். இப்போதே அறை வேண்டுமென்றால் அரை நாள் வாடகை கூடுதல். எட்டு மணிக்கு மில்லில் நிற்க வேண்டிய ஆள் 12 மணிக்கு வந்து என்ன செய்வது? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெரும்பாலான லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்குதான். காலை ஐந்துக்குப் போனால் மறுநாள் காலை ஐந்து வரை அறை உங்களுடையது. ராத்திரி ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற நம் ஊர் வேலைக்காரர்களுக்கு ஏற்ற கணக்கு அது. ஊர் ஊராக அது காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. சரி, அரை நாள் வாடகையையும் கட்டிவிட்டுக் குளித்துக் கிளம்பினேன்.

முதல் மெஷின் வேலை முடிந்து திரும்பும்போது ராத்திரி ஒன்பதரை. இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், பத்து நிமிடத்தில் தூங்கியிருப்பேன்.

ஒரு மணிவாக்கில் கழுத்தில் அரிப்பு. கொசு என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் முழங்கையில், அப்புறம் இடுப்பில். எழுந்து லைட்டைப் போட்டேன். கையில் மூன்று தடிப்பு, ஒரே வரிசையில். மனசுக்குள் அப்போதே தெரிந்துவிட்டது. விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தை ஓரத்துத் தையலில் போன் டார்ச்சை அடித்தேன். தையல் நெடுக மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். உள்மடிப்பை விரலால் விலக்கியதும் ரத்தம் குடித்து உப்பிய நாலைந்து மூட்டைப்பூச்சி வெளிச்சத்துக்குக் கூசி நகர்ந்தன. மெத்தைக்கு உறை கிடையாது. மேலே போட்டிருந்த விரிப்பு நன்றாகத் துவைத்ததுதான், சோப்பு வாசனை கூட வந்தது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று எத்தனை மாதமாக யாரும் தூக்கிப் பார்க்கவில்லையோ தெரியவில்லை.

வீடியோ எடுத்துக்கொண்டு கீழே போனேன். ரிசப்ஷனில் இருந்தவர் மேஜையில் தலை சாய்த்திருந்தார். எழுப்பிக் காட்டினேன். பார்த்தார். "இத்தனை பேரு வந்து தங்கிட்டுப் போறாங்க, யாரும் ஒண்ணும் சொன்னதில்லைங்க சார்" என்றார். வேறு அறை கேட்டேன், ஃபுல் என்றார். வேறு மெத்தை கேட்டேன், ஸ்டோர் சாவி மேனேஜரிடம், மேனேஜர் காலையில் வருவார். முதலாளி நம்பர் கேட்டேன், கொடுக்க அனுமதியில்லை. கடைசியில் ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்து நீட்டினார். மூடிய அறையில் அதை அடித்துவிட்டு அதே கட்டிலில் படுக்கச் சொல்கிறார். "மன்னிச்சிருங்க" என்கிற ஒரு வார்த்தையை மட்டும் நான் அங்கே கேட்கவே இல்லை. பூச்சி கடித்ததை விட அதுதான் எனக்கு வலித்தது.

கூட வந்த ரூம் பையன் ஒடிசாக்காரன், இருபது வயது இருக்கும். மாடிப்படியில் ஏறும்போது குரலைத் தாழ்த்தி, "சார், ரெண்டாவது மாடி எல்லா ரூமும் இருக்கு" என்றான். முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டிக் காட்டினான். முன்கையெல்லாம் பழைய தழும்பும் புதுத் தடிப்பும். நீ எங்கே தம்பி படுப்பாய் என்று கேட்டேன். அழுக்கு விரிப்புகளைக் குவித்து வைக்கிற அறையில்தான் அவனுக்குப் பாய். எனக்கு அது ஒரு ராத்திரி. அவனுக்குத் தினமும். அவனே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்து வந்து அறையில் போட்டான். அதில் உட்கார்ந்துதான் விடியவைத்தேன்.

இதற்கு அடுத்து நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவே.

மறுநாள் இரண்டாவது கம்ப்ரசர். ஸ்க்ரூ கம்ப்ரசரில் எண்ணெயையும் காற்றையும் பிரிக்கிற டேங்க் ஒன்று உண்டு, செபரேட்டர் டேங்க் என்போம். மெஷினை நிறுத்தியதும் புளோ டவுன் வால்வு அதிலுள்ள காற்றைத் தானாக வெளியேற்றிவிடும். அந்த வால்வு சிக்கிக்கொண்டால் அழுத்தம் உள்ளேயே நிற்கும், சூடான எண்ணெயோடு. அதனால் மூடியில் ஸ்பேனர் வைக்குமுன் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்க்க வேண்டும், முள் பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். டிரெயினிங் வருகிற பசங்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மறந்தேன் என்று கூடச் சொல்ல முடியாது, பார்த்துவிட்டது போல ஒரு நினைப்பு. எண்ணெய் ஊற்றுகிற மூடியில் ஸ்பேனரை வைத்துக் கால் சுற்று திருப்பிவிட்டேன்.

"ஏனுங்க சார், இருங்க இருங்க! கேஜைப் பாருங்க!" என்று மில் ஃபிட்டர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். முள் நாலு பார் அழுத்தத்தில் நின்றது. இன்னும் இரண்டு சுற்று திருப்பியிருந்தால் மூடி என் முகத்துக்கு வந்திருக்கும், பின்னாலேயே கொதிக்கிற எண்ணெய். அந்த அண்ணன் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்தார். கை நடுக்கம் நிற்க அவ்வளவு நேரம் ஆனது. வீட்டில் இன்று வரை இதைச் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்துத்தான் என் மனைவிக்குத் தெரியும்.

ஓட்டல் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் விற்பது தூக்கம். கண்ணாடிக் கதவு, கிரானைட் தரை, ரிசப்ஷனுக்குப் பின்னால் தண்ணீர் வழிகிற சுவர், இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். வேலையாய் வருகிறவன் அறையில் இருப்பதே எட்டு மணி நேரம், அதில் ஏழு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு. அவன் முதுகு படுகிற ஆறடிக்கு மூன்றடிதான் உங்கள் ஓட்டல். ஸ்டேஷனில் இறங்குகிற நூறு பேரில் மறுநாள் ஸ்டீயரிங் பிடிக்கிறவர் இருப்பார், பாய்லர் பார்க்கிறவர் இருப்பார், மருந்துப் பையோடு முப்பது டாக்டரைப் பார்க்க ஓடுகிறவர் இருப்பார். அவர்களுடைய அடுத்த நாள் உங்கள் மெத்தையில்தான் தொடங்குகிறது.

மூட்டைப்பூச்சி வந்ததே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அது அழுக்கைத் தேடி வருவதில்லை. அதற்கு இறக்கை கிடையாது. யாரோ ஒரு பயணியின் பையிலோ துணியிலோ ஒட்டிக்கொண்டுதான் வரும். நல்ல ஓட்டலுக்கும் வரும். வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. டப்பா ஸ்பிரே முட்டையை அழிக்காது, குஞ்சு பொரிந்ததும் பழைய கதைதான். அதனால்தான் மருந்தடிப்பவர்கள் ஒரு முறையோடு நிறுத்தாமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி வருகிறார்கள். ஐம்பது டிகிரிக்கு மேல் சூட்டில் பூச்சியும் முட்டையும் சாகும். விரிப்பை வெந்நீரில் துவைப்பதும் கட்டில் மூட்டில் நீராவி அடிப்பதும் அதற்காகத்தான். தையல் மூடுகிற மெத்தை உறை சில நூறு ரூபாய்தான். பக்கத்து அறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், சரியாகும் வரை அந்த அறையை வாடகைக்கு விடக் கூடாது. செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தெரிந்தே சாவியை எடுத்து நீட்டுவது வியாபாரம் ஆகாது.

எனக்குச் சொந்த ஊர் ஒரத்தநாடு. அங்கே சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிற வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்த கட்டடம். சின்ன வயதில் அந்தத் திண்ணையில் ஓடி விளையாடியிருக்கிறேன். மதுரை ஜங்ஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர் ஞாபகம்தான் வரும். முகம் தெரியாதவன் வழியில் நிம்மதியாகப் படுத்து எழ வேண்டும் என்று கவலைப்பட்ட ஊர் இது. காசு வாங்காமல் செய்ததைக் காசு வாங்கிக்கொண்டாவது செய்யலாமே.

கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. எங்கள் ஆபீஸில் எனக்கு ஒரு நாள் அறைப் படி 2,000 ரூபாய். எது மலிவோ அதைப் போடு என்பதுதான் அந்தத் தம்பிக்கு இருக்கிற உத்தரவு, அவனைக் குறை சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்க்கிற பெண் என்ஜினியர் ஒருவர் எந்த அறைக்குப் போனாலும் முதலில் பார்ப்பது கதவுத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் சரியில்லாத அறையில் மேஜையை இழுத்துக் கதவில் முட்டுக்கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. காலையில் ஓட வேண்டும், கம்பெனி காசுதானே என்று பேசாமல் சாவியை வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். "யாரும் ஒண்ணும் சொன்னதில்லை" என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இந்த முறை நான் அப்படி வரவில்லை. பில் வேண்டாமென்றால் 200 ரூபாய் குறைக்கலாம் என்றார்கள், பில்தான் வேண்டும் என்றேன். வரியை 12 சதவீதம் போட்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம்தான் என்று சொல்லி மாற்றி வாங்கினேன். அப்புறம் 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து, வீடியோவையும் பில்லையும் வைத்துப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். அதில் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே பதியலாம். பத்தாம் நாள் ஓட்டலிலிருந்து போன் வந்தது. ஒரு நாள் வாடகையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது மாடியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், பார்க்கிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையை உள்ளே கொண்டுவரவில்லை. கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி மொட்டை மாடி வெயிலில் மூன்று நாள் போட்டு, துணியையெல்லாம் வெந்நீரில் அலசிய பிறகுதான் எடுத்தேன். இதை மட்டுமாவது நீங்களும் செய்யுங்கள். அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் வைக்காதீர்கள், விரிப்பைத் தூக்கித் தையலில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அந்த மில்லில் புளோ டவுன் வால்வு மாற்றுகிற வேலை பாக்கி இருந்தது, நேற்று மறுபடி போனேன். ஃபிட்டர் அண்ணன் பல்லடத்திலேயே ஒரு பழைய லாட்ஜைச் சொல்லி அனுப்பினார். வாடகை 900 ரூபாய், 24 மணி நேரக் கணக்கு. கல்லாவில் இருந்த பெரியவர் என்னிடம் ஆதார் கூடக் கேட்கவில்லை, முதலில் சாவியைத்தான் எடுத்து வைத்தார். "மேல போய் ரூமப் பாத்துட்டு வாங்க. புடிச்சிருந்தா பேர் எழுதிக்கலாம்" என்றார். மெத்தைக்கு உறை போட்டிருந்தது. பத்து மணிக்குப் படுத்தேன். அலாரம் அடித்துத்தான் எழுந்தேன்.