"ரோடுதானே" என்று லைக் போட்ட முந்நூறு பேருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எஸ்கேப் ரோடு விவகாரம் எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானலிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போகும் அந்தப் பழைய காட்டு ரோட்டில் ட்ரெக்கிங் என்று முப்பத்து நான்கு பேரைக் கூட்டிப்போனார்கள், அதில் இரண்டு பேர் வழிதவறி ராத்திரிதான் கிடைத்தார்கள். வீடியோ சுற்றி ஓய்ந்தாயிற்று, ஏற்பாட்டாளரின் விளக்கமும் வந்தாயிற்று. பெயரைச் சொல்லப் போவதில்லை, தயவுசெய்து யாரும் கமென்ட்டில் டேக் செய்ய வேண்டாம். எனக்கு எரிச்சல் வந்தது அந்த விளக்கத்தின் கீழே இருந்த ஒரு கமென்ட்டைப் பார்த்துத்தான். "அது ரோடுதானே, ரோட்டில் நடந்து போகிறவன் எப்படித் தொலைவான்?" முந்நூறு லைக்.

எப்படித் தொலைவான் என்று சொல்கிறேன்.

அது மோட்டார் ஓடுவதற்காக வெட்டிய பாதை. சரிவு மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். செங்குத்தான மலை என்றால் முதல் ஒரு மணி நேரத்திலேயே மூச்சு வாங்கி, முடியாதவர் உட்கார்ந்துவிடுவார். இந்தப் பாதையில் யாருக்கும் மூச்சு வாங்காது. சிரித்துப் பேசிக்கொண்டே எட்டு கிலோமீட்டர் உள்ளே போய்விடுவார்கள். அதே எட்டைத் திரும்பி நடக்க வேண்டும் என்பது மூன்று மணிக்கு மேல்தான் உறைக்கும். தனி ஆள் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பார். போட்டோ, அட்டைப்பூச்சி, ஷூ லேஸ் எல்லாம் சேர்ந்தால் ஒரு கூட்டம் இரண்டரையைத் தாண்டாது. இந்தக் கணக்கைப் போடாமல் காலை பத்தரைக்குக் கிளம்புகிறவரைக் கைடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது கூப்பு ரோடு. வாட்டிலும் பைனும் தைலமரமும் வெட்டி லாரியில் ஏற்றிய காலத்தில் போட்ட கிளைப்பாதைகள். அகலத்தில் மெயின் ரோட்டுக்குக் குறைவில்லை. மெயின் ரோட்டிலோ பொதுப் போக்குவரத்து நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. வாட்டில் மரம் குறுக்கே விழுந்து கிடக்கும். வடிகாலில் இலை அடைத்து, தண்ணீர் ரோட்டின் மேலேயே பாய்ந்து, ஓரத்தை அரித்துச் சிறுபாலத்தையும் தூக்கியிருக்கும். அதனால் பிரியும் இடத்தில் நின்று பார்த்தால் கூப்பு ரோடுதான் சரியான வழி மாதிரி தெரியும். நல்ல வெயிலிலேயே இந்த லட்சணம். மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கி, பத்தடிக்கு முன்னால் போகிறவரின் பை தெரியாமல் போகும்போது கேட்க வேண்டாம். அந்த இரண்டு பேரும் தொலைந்தது காட்டுக்குள் இல்லை, ரோட்டில்தான். இன்னொரு ரோட்டில்.

முப்பத்து நான்கு பேருக்கு ஒரே கைடு, அவரும் முன்னால். இதுதான் என் முழுப் புகாரும். வரலாறு, போஸ்டர், டீ-ஷர்ட் எல்லாம் அப்புறம். பத்து, பன்னிரண்டு பேருக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசி ஆளுக்கும் பின்னால். பின்னால் வருகிறவர் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பிரிவிலும் முன்னால் போனவர் நின்று, தலை எண்ணி, கணக்கு சரியான பிறகுதான் அடுத்த அடி.

இதிலும் ஒன்றை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். முன்னால் போன பத்துப் பேர் கால்மணி நேரம் உட்கார்ந்து கடலைமிட்டாய் சாப்பிடுவார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "வந்துட்டாங்க, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். கூட்டத்திலேயே அதிகம் ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிஷமும் கிடைக்காது. கடைசி ஆள் பையை இறக்கி, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிஷம் ஆன பிறகுதான் கிளம்ப வேண்டும். இல்லையென்றால் அவர் மேலும் பின்தங்குவார், வெட்கப்படுவார், "நீங்க போங்க, நான் மெதுவா வந்துடுறேன்" என்பார். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் கைடுக்கு மணி அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்தங்கிய ஒரு அக்கா அதைத்தான் சொன்னாராம். கைடு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாராம்.

"சாகசம் என்றால் ரிஸ்க் இருக்கத்தானே செய்யும்" என்று ஒருவர் இன்பாக்ஸில் வகுப்பெடுத்தார். ரிஸ்க் எடுக்கிறவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் தம்பி. ஜீன்ஸும் பருத்தி ஹூடியும் போட்டு வந்த பிள்ளைகளிடம், இது நனைந்தால் காயாது, இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்றோடு சேர்ந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்று யாராவது சொன்னார்களா? நடுங்குகிறவரைப் பற்றிப் பாதிக் கவலை போதும். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, கால் தடுமாறினால்தான் நிஜமான ஆபத்து. உடனே ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, தலையை மூடி, முழு நினைவோடு இருந்தால் இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு உலர்ந்த சட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு தலைவிளக்கு, இரண்டரை லிட்டர் தண்ணீர். இதற்கு மேல் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. போன் டார்ச்சை நம்பாதீர்கள். சிக்னல் தேடியே பேட்டரி கரையும், குளிரில் இன்னும் சீக்கிரம். உள்ளே நுழைந்ததும் ஃப்ளைட் மோடில் போடுங்கள்.

பரணில் நாலு வருஷம் கிடந்த ட்ரெக்கிங் ஷூவையும் போட்டு வராதீர்கள். பார்க்கப் புதுசாக இருக்கும், ஆனால் நடுவில் உள்ள நுரை ஈரக்காற்றில் மக்கிப்போயிருக்கும். மூன்றாவது கிலோமீட்டரில் அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும். அட்டைக்கு முழங்கால் வரை துணி உறை போதும். ஒட்டிவிட்டால் பிய்த்து இழுக்காமல், மெலிந்த முனையின் அடியில் நகத்தை விட்டு நெம்பினால் விட்டுவிடும். அப்புறமும் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பதற வேண்டாம்.

"உள்ளூர்க்காரர்களுக்குப் பொறாமை" என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். "அனுமதி வாங்க அலைய விடுகிறார்கள்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்காக, பெரிஜம் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வண்டிக்குக் கொடுக்கும் பகல் பாஸைக் காட்டி "எங்களுக்குப் பர்மிஷன் இருக்கு" என்று முப்பத்து நான்கு பேரை நம்பவைப்பதா? 2018 மார்ச் 11 குரங்கணி அதற்குள் மறந்துவிட்டதா? காய்ந்த புல்லில் தீ வந்தபோது ட்ரெக்கிங் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே டாப் ஸ்டேஷனுக்குக் கீழேதான் குரங்கணி. அந்த வருஷமே ட்ரெக்கிங்குக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது சும்மா இல்லை.

"யாரும் சாகலையே" என்றும் ஒரு கமென்ட். இதற்கு என்ன பதில் சொல்வது?

வரலாற்றுக்கு வருகிறேன், அதற்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினார்கள். "ஜப்பான் படையோடு மோதிய போர்ப்பாதை"யாம். எந்த ஜப்பான்காரன் இந்தப் பழனி மலைத்தொடருக்கு வந்தான்? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னை காலியானது, அரசு அலுவலகங்களை உள்நாட்டுக்கு மாற்றினார்கள். அந்தப் பயத்தில், தேவைப்பட்டால் கொடைக்கானலிலிருந்து பெரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன், மூணாறு என்று மேற்குக் கரைக்குத் தப்பிப் போகச் சீர்செய்த பாதை இது. துப்பாக்கிச் சத்தம் கேட்காத ரோடு. பயத்துக்குப் போட்ட ரோட்டை வீரத்துக்குப் போட்டதாக விற்கிறார்கள்.

அதே வருஷம் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள், அதில் நம் ஆட்கள் எத்தனையோ பேர், காலராவிலும் பசியிலும் விழுந்து எழுந்து மணிப்பூருக்கும் அசாமுக்கும் நடந்தே வந்தார்கள். அவர்களுக்கு யாரும் முன்கூட்டியே ரோடு போட்டு வைக்கவில்லை. இங்கே குளிரில் கல் உடைத்தவர்கள் யார் என்று எந்தப் போஸ்டரிலும் இல்லை.

இப்போதும் அப்படித்தான். ராத்திரி ஒன்பதரைக்கு அந்த இரண்டு பேரையும் கண்டுபிடித்தது உங்கள் டிரோனா? காட்டெருமை நிற்கிற வழியில் ஒரு டார்ச்சோடு போன வனத்துறை வாட்சர்கள். அவர்களில் இரண்டு பேர் இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள். கூப்பு ரோடு எங்கே பிரிகிறது, தொலைந்தவர்கள் எந்தப் பக்கம் இறங்கியிருப்பார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தொலைந்த இருவரில் ஒரு பொண்ணுக்குத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ரேஷன் சாக்கைப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்திருக்கிறார் வாட்சர் ஒருவர்.

விளக்கப் பதிவில் "பிரபஞ்சத்துக்கு நன்றி", ஸ்பான்சருக்கு நன்றி, ரீல்ஸ் எடுத்த தம்பிக்கு நன்றி. வாட்சர்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஆளுக்கு 2,500 ரூபாய், முப்பத்து நான்கு பேர், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதில் அந்த ஸ்வெட்டரையாவது திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று ஏற்பாட்டாளர் இங்கேயே பதில் சொல்லட்டும். ரோடுதானே என்று எழுதின அண்ணனும் கூடவே வந்து சொல்லலாம்.