பாலைவனத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு அரை வறண்ட காட்டுக்குப் போகாதீர்கள்

அரை வறண்ட தேசியப் பூங்காவில் டென்ட் போட்டுத் தங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் பாலைவனம் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் கேன், முடிந்தது. ஆனால் வருஷத்துக்கு ஏறக்குறைய 250 முதல் 500 மில்லிமீட்டர் மழை பெய்கிற நிலம் அது. அந்த மழை பெய்கிற விதத்தைப் புரிந்துகொள்ளாமல் போனால் பாதித் திட்டம் தப்பாகிவிடும்.

மாசக்கணக்கில் ஒரு சொட்டு விழாது. விழுந்தால் ஒரே சாயங்காலத்தில் கொட்டித் தீர்க்கும். காய்ந்து இறுகிய மண் அதைக் குடிக்காது. தண்ணீர் மேலாகவே ஓடி ஓடையில் இறங்கிவிடும். டென்ட் போட ஆசை காட்டுகிற இடமும் அந்த வறண்ட ஓடைதான்: சமதளம், மெத்தென்ற மணல், கரையோரம் மரநிழல். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே, எங்கோ மேட்டில் பெய்த மழை அந்த வழியாக வரும். கரை மரங்களின் கிளையிடுக்கில் சருகும் குச்சியும் சிக்கிக் காய்ந்திருக்கிறதா பாருங்கள். போன வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. டென்ட் அதற்கும் மேலே இருக்கட்டும். மேட்டில் தங்க இன்னொரு காரணமும் உண்டு: இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில்தான் தேங்கும்.

குளிரைப் பலரும் நம்புவதே இல்லை. ஈரமும் மேகமும் குறைந்த வானத்தில், பகலில் வாங்கிய சூட்டை நிலம் வேகமாக இழந்துவிடும். தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் பங்குபோடுகிற கலகாடி பூங்காவில், குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும். இரவு உறைநிலைக்குக் கீழே போகும். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை போட்டிருந்தால் ‘கம்ஃபர்ட்’ எண்ணை மட்டும் பாருங்கள். ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்து எப்படியோ விடியவைக்கிற எண். காற்றடைக்கும் மெத்தையை மட்டும் நம்பாதீர்கள். வேலமுள் ஒன்று போதும், நடுராத்திரி தரையில் கிடப்பீர்கள். அடியில் ஒரு ஃபோம் விரிப்பு வேண்டும். டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகளும் மணலில் நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். மாலைக் காற்றுக்கு அசையாது.

தண்ணீர்க் கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். டெக்ஸஸின் பிக் பெண்ட் பூங்கா சொல்லும் அளவும் ஏறக்குறைய இதுதான். நாள் கணக்குக்கு மேல் ஒரு நாளுக்கு உபரி, அதுவும் ஒரே பெரிய கேனில் வேண்டாம். அது ஓட்டையானால் எல்லாம் போச்சு. உலர்ந்த காற்றில் வேர்வை வந்தவுடனே காய்ந்துவிடுவதால், உடம்பு நீர் இழப்பதே தெரியாது. நாள் முழுக்க வேர்த்துவிட்டு வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து: ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். வெயில் என்று நினைத்து இன்னும் குடித்தால் மோசமாகும். உப்புள்ள தின்பண்டமோ ஓஆர்எஸ் பாக்கெட்டோ கையில் இருக்கட்டும்.

விலங்கு பார்க்க நாள் முழுக்க வண்டி ஓட்டுவதை நான் வீண்வேலை என்பேன். வறண்ட பருவத்தின் கடைசியில் ஒரு நீர்க்குட்டைக்குத் தள்ளி மூன்று மணி நேரம் சும்மா உட்காருங்கள். நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் ஒகாகுவேயோ முகாமையொட்டி இரவு விளக்கு போட்ட நீர்க்குட்டையே உண்டு. கறுப்புக் காண்டாமிருகம் அங்கே வந்து குடிக்கும். முதல் மழை விழுந்துவிட்டால் எங்கும் தண்ணீர், விலங்குகள் சிதறிவிடும். முகாமுக்கு வெளியே தங்க அனுமதி கிடைத்தாலும் குட்டையருகே டென்ட் வேண்டாம், மனித வாடைக்குத் தாகத்தோடே திரும்பிப் போகும்.

நடக்கும்போது தரையைக் கவனியுங்கள். சில இடங்களில் மண்மேல் கறுத்து, கொப்புளித்து, தீய்ந்த தோசைபோல ஒரு பொருக்கு இருக்கும். குனிந்து பார்த்தால் சின்னச்சின்ன மேடுகள், இடையே பாசி. அது உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்களின் இழைகள் மணலைக் கோத்துப் பிடித்து, காற்றரிப்பைத் தடுத்து, மண்ணுக்கு நைட்ரஜனும் சேர்க்கின்றன. மிதித்த தடம் ஆற வருஷங்கள், சில இடத்தில் பல பத்தாண்டுகள் ஆகும். பாதை, பாறை, ஓடை மணல், இவற்றில் மட்டும் கால் வையுங்கள். பகலில் நடக்க ஓடை சரி, தங்கத்தான் கூடாது. மேட்டில் கருமேகம் தெரிந்தால் நடக்கவும் கூடாது.

கழிப்பறை இல்லாத இடத்தில் 15 முதல் 20 செ.மீ. குழி, நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி. டிஷ்யூ பேப்பரைப் புதைக்காமல் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள், அந்த மண்ணில் அது லேசில் மக்காது.

கடைசியாக ரோடு. மணலில் புதையாமலிருக்க டயர் காற்றைக் குறைக்கிறவர்கள், கெட்டி ரோடு ஏறுமுன் மறுபடி அடிக்க பம்ப் எடுத்துப் போக மறக்கிறார்கள். களிமண் ரோடு வேறு ரகம்: நனைந்துவிட்டால் நாலு சக்கர இழுவை வண்டியும் சறுக்கும். ஆஸ்திரேலியாவின் மங்கோ பூங்காவில் மழை வந்தால் மண் ரோடுகளை மூடிவிடுவார்கள். காய்கிற வரை உள்ளேதான். ஆகவே ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் திரும்பும் டிக்கெட்டைப் பூங்காவிலிருந்து கிளம்புகிற நாளுக்கே போடாதீர்கள்.